முட்டைப் பெட்டிக்குள்ள என்னத்தைப் போடுறது? உமி, சீவல், தும்பு, வைக்கல் எல்லாம் போட்டுப் பாத்த கதை

வளவுக்குள்ள பத்துப் பன்னிரண்டு கோழி வளர்க்கிற ஆக்களுக்குத்தான் இதை எழுதுறன், பெரிய பண்ணைக்காரருக்கு இல்லை. தீன் என்ன குடுக்கிறது, எந்தக் குஞ்சு வாங்கிறது, தடுப்பு மருந்து எப்ப போடுறது எண்டெல்லாம் கேட்டாச் சொல்லித்தர ஊரில ஆக்கள் இருக்கினம். முட்டைப் பெட்டிக்குள்ள அடியில என்னத்தைப் பரப்பிறது எண்டு கேட்டுப் பாருங்கோ, "உதில என்ன கிடக்கு, ஏதாவது வைக்கல் கிக்கலைப் போட்டு விடு" எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம். அந்த ஏதாவதுதான் ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள என்னட்டையிருந்து ஐம்பதாயிரத்துக்குக் கிட்டக் காசையும் ஒரு அடைக் குஞ்சு முழுசையும் கொண்டு போனது. யூடியூப்பில பாத்தா பைன் மரச் சீவல், ஆஸ்பென் மர மெத்தை எண்டு காட்டுவினம், நல்ல சாமானாத்தான் இருக்கும், ஆனா யாழ்ப்பாணத்தில மருதனார்மடச் சந்தையில போய் நிண்டு ஆஸ்பென் மெத்தை இருக்கோ எண்டு கேக்கேலுமே? அந்த வெளிநாட்டு ஆக்களின்ர கவலை குளிர். எங்கட கவலை வேற, வைகாசி தொடக்கம் சோளகக் காத்து புழுதியை அள்ளிக்கொண்டு வரும், ஐப்பசி கார்த்திகையில கிழமைக்கணக்கா வெயில் எட்டியும் பாக்காது. ரெண்டு காலத்துக்கும் ஒரே மாதிரிப் போட்டாச் சரிவராது. இதை ஒருத்தரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லேல்ல.

நான் கோழி வாங்கினது 2022இல, எல்லாம் தட்டுப்பாடாக் கிடந்த நேரம். பெற்றோலுக்கு வரிசை, காசுக்கு வரிசை (சமைக்கிற காஸ், கைக்காசு இல்லை, அதுவும் இல்லைதான்), முட்டை விலை ஏறினபடி. அந்த ஆவணியில அரசாங்கம் வெள்ளை முட்டை 43 ரூபா, சிவப்பு 45 ரூபா எண்டு கட்டுப்பாட்டு விலை போட்டது, போட்ட கையோட கடையில முட்டையைக் காணேல்ல. என்ர மனுசன் கொழும்பில வேலை, வீட்டில நானும் பிள்ளையளும் மாமியும்தான். கோப்பாய்ப் பக்கம் எங்கட வளவு கொஞ்சம் பெரிசு, பின்னால பழைய மாட்டுக் கொட்டில் ஒண்டு சும்மா கிடந்தது. அதுக்குள்ள கம்பி வலை அடிச்சு கொஞ்சம் சிவப்பு லேயரும் (முட்டைக்கெண்டே வளர்க்கிற கோழி) நாலைஞ்சு ஊர்க்கோழிப் பேடும் விட்டன். முட்டைப் பெட்டி ஓடர் குடுத்துச் செய்விச்சது, ஒட்டினாப்போல மூண்டு அறை, பலகை அடி, தகரக் கூரை, ஏத்துக்கூலியோட 18,000 ரூபா. பாக்க வடிவாத்தான் இருந்தது, ஒரு அறை ஒரு அடிக்கு ஒரு அடி, அளவும் சரி, நாலைஞ்சு கோழிக்கு ஒரு அறை எண்ட கணக்கும் சரி. ஆனா முன்பக்கத் தடுப்புப் பலகையை ரெண்டு விரல் உயரத்துக்குத்தான் அடிச்சிருந்தவர். செய்து தந்தவர் கோழி வளர்த்திருக்கமாட்டார் எண்டு இப்ப நினைக்கிறன்.

முதல் போட்டது உமி. கிளிநொச்சியால வாற லொறிக்காரர் ஒராள் ஆலையில இருந்து சாக்கு 200 ரூபாப்படி கொண்டுவந்து தந்தவர், மலிவு எண்டு கண்டபடி வாங்கி அடுக்கினன். நிலத்துக்குப் போட உமி நல்ல சாமான், அதில குறை சொல்லமாட்டன், ஈரத்தைப் பெரிசா உறிஞ்சாது எண்டாலும் இலேசில கட்டி பிடிக்காது, கிளறி விட்டாக் கெதியாக் காஞ்சிடும். பெட்டிக்குள்ளதான் அது உதவாது. கோழி முட்டை போட முதல் பேசாமல் போய் இருக்கிற சாமான் இல்லை, காலால பறிக்கும், சுத்திச் சுத்தி நிக்கும், நெஞ்சை வைச்சு அமத்தி ஒரு குழி செய்யும், பிறகுதான் இருக்கும். உமி வழுக்கும், ஒண்டோட ஒண்டு கொழுவி நிக்காது. ரெண்டு பறிவை பறிச்சா அவ்வளவும் அந்த ரெண்டு விரல் தடுப்புக்கு மேலால வெளியில வந்திடும், கோழி இருக்கிறது வெறும் பலகையில. முட்டை வாற நேரம் கோழி அரைவாசி எழும்பி நிண்டுதான் போடும், அது பலகையில "டொக்" எண்டு விழும். கையில எடுத்துப் பாத்தா ஒண்டும் தெரியாது, வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்தாத்தான் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். அடுத்த கோழி அதே அறைக்குள்ள ஏறி மிதிச்சா அந்த வெடிப்பு திறந்திடும். பிறகென்ன, ஒண்டு கொத்தி ருசி பாக்கும்.

முட்டை குடிக்கிற பழக்கம் எப்பிடித் தொடங்குது எண்டு ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லுவினம், சுண்ணாம்புச் சத்துக் காணாது எண்டுவினம், கோழிக்கு வேலை இல்லாட்டி அப்பிடித்தான் எண்டுவினம், எல்லாத்திலயும் உண்மை இருக்கு, ஆனா என்ர கூட்டில அது தொடங்கினது பலகையில உடைஞ்ச முட்டையாலதான். ஒரு கோழி பழகினா மற்றதுகள் பாத்துப் பழகும். கொஞ்ச நாளில விடியக் கூட்டுக்குப் போனா மஞ்சள் ஒட்டின உமிதான் கிடக்கும், முட்டை இல்லை. அந்த நேரம் முட்டை விக்கிற விலைக்கு, தீன் விக்கிற விலைக்கு, அதுகள் தீனையும் திண்டு முட்டையையும் குடிச்சிட்டு என்னைப் பாக்கேக்க வந்த கோவத்தில அவ்வளவையும் அடிச்சுக் கறி வைப்பமோ எண்டு நினைச்சனான், மெய்யாத்தான் சொல்லுறன். பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு வழி சொன்னா. "பிள்ளை, முட்டையில துளை போட்டு உள்ளுக்கு இருக்கிறதை ஊத்திப்போட்டு மிளகாய்த்தூளை அடைஞ்சு வை, ஒருக்காக் கொத்தினா வாழ்நாளுக்குக் கிட்டப் போகாது." நல்ல உறைப்பான தூளா எடுத்து அடைஞ்சு வைச்சன். கோழி கொத்தினது, தூளையும் திண்டது, சொண்டைத் துடைச்சிட்டு அடுத்ததைத் தேடினது. பறவையளுக்கு மிளகாயின்ர உறைப்பு எங்களுக்குப் போல ஏறாது, அதாலதான் கிளியும் மைனாவும் கொச்சிக்காயைப் பழமாத் தின்னுதுகள், இதைப் பிறகு கால்நடை வைத்திய அலுவலகத்தில ஒரு டொக்டர் சொல்லித்தான் தெரியும். ஆச்சிக்குச் சொன்னா அவ நம்பேல்ல, உன்ர தூள் உறைப்புக் காணாது எண்டவா.

அந்தப் பழக்கம் நிண்டது நாலு விசயத்தைச் சேத்துச் செய்தாப் பிறகுதான். முதல் வேலை, முன்பக்கத் தடுப்பை நாலு அங்குலத்துக்கு உயர்த்தி அடிச்சது, பழைய கட்டில் பலகைதான், செலவு ஒண்டும் இல்லை. அதோட பழைய சாரத்தைக் கிழிச்சு வாசலுக்குத் திரை போட்டு உள்ளுக்கு இருட்டாக்கினது, இருட்டுக்க கோழி கொத்தாது, நிம்மதியா இருந்து போடவும் அதுக்கு இருட்டுத்தான் விருப்பம். வெண்கட்டியில செய்த முட்டை மாதிரி ஒண்டை உள்ளுக்கு விட்டதில அதைக் கொத்திக் கொத்திக் களைச்சுப்போனதுகள். பிறகு கடற்கரைச் சிப்பியை உரலில இடிச்சு வேற ஒரு சட்டியில வைச்சது, முட்டை போடுற கோழிக்குத்தான் அது வேணும், குஞ்சுக்கு இல்லை, அதால தீனுக்குள்ள கலக்காமல் தனியா வைக்க வேணும். எண்டாலும் ஒரு பேடு திருந்தவே இல்லை. அது கறியாத்தான் போனது.

உமியை விட்டுட்டு மரச்சீவலுக்கு மாறினன். இதுதான் இஞ்ச லேசாக் கிடைக்கக்கூடிய நல்ல சாமான் எண்டு இப்பவும் சொல்லுவன், ஆனா அதிலயும் ஒரு பொறி இருக்கு. மரக்காலையில வாளுக்குக் கீழ விழுகிறது தூள், தச்சுப் பட்டறையில சீவுளி போடேக்க சுருள் சுருளா வாறதுதான் சீவல். எனக்கு முதல் தந்தது தூள், சாக்கைத் திறந்து கொட்டினாப்போல கொட்டில் முழுக்கப் புகை மாதிரி எழும்பிச்சுது, கோழியள் தும்மத் தொடங்கிட்டுதுகள், ஈர முட்டையில அந்தத் தூள் மா பிரட்டினது போல ஒட்டிப் பிடிச்சது. முட்டை வெளியில வரேக்க மேல ஈரமா ஒரு மெல்லிய பூச்சோட வரும், அது காய ஒரு நிமிசம் போல எடுக்கும், அந்தப் பூச்சுத்தான் ஓட்டில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத துளைகளை அடைக்கிறது. கோழியின்ர உடம்புச் சூட்டில வாற முட்டை வெளியில ஆறேக்க உள்ளுக்கு இருக்கிறது சுருங்கும், அப்ப காத்தை உள்ளுக்கு இழுக்கும், காத்தோட ஊத்தையையும் இழுக்கும். அப்ப முட்டை எதில விழுகுது எண்டுறது கழுவிறதை விட முக்கியம். ஊத்தை முட்டையைப் பச்சைத் தண்ணியில ஊறப்போடுறது இன்னும் கூடாது, குளிர்ந்த தண்ணி அந்த ஊத்தையை உள்ளுக்குத் தள்ளி விடும், கழுவத்தான் வேணும் எண்டா முட்டையை விடச் சூடான தண்ணியில கழுவி உடன துடைச்சு அண்டைக்கே சமைச்சுப் போடுங்கோ.

பிறகு ஒரு தச்சுப் பட்டறையில சுருள் சீவல் கேட்டு எடுத்தன். அங்க வேலை செய்யிற தம்பி ஒருத்தன்தான் நல்ல வார்த்தை சொன்னவன், "அக்கா, உங்கால கிடக்கிற குவியலில அள்ளாதேங்கோ, அது அலுமாரி செய்யிற ஒட்டுப் பலகை வெட்டினது, முழுக்கப் பசை, இஞ்சால கிடக்கிறதுதான் வேம்பும் மஹோகனியும்." அவன் சொல்லியிராட்டி நான் ரெண்டையும் சேத்துத்தான் அள்ளியிருப்பன். பட்டறையில கேக்கேக்க பலகைச் சீவலோ, ஒட்டுப் பலகையோ, பூச்சிக்கு மருந்து அடிச்ச மரமோ எண்டு வடிவாக் கேட்டு வாங்குங்கோ. சீவலை மூண்டு நாலு அங்குலத் தடிப்புக்குப் போட வேணும், கையை விரிச்சு அமத்தினா அடிப்பலகை தட்டுப்படக்கூடாது, மூலையளில இன்னும் கொஞ்சம் கூட. இப்பிடிப் போட்டு நல்லா ஓடிச்சுது, ஒரு முட்டையும் வெடிக்கேல்ல, ஆனா எங்களுக்குக் கிட்டின பட்டறையில வேலை குறைஞ்சு சீவல் வாறது நிண்டிட்டுது, தூரத்தில இருந்து ஓட்டோ பிடிச்சுக் கொண்டுவரப் போனா சும்மா வாற சீவலுக்கு 1,500 ரூபா ஓட்டோக் கூலி.

அந்த இடைவெளியில தும்பு போட்டன். தென்மராட்சியில இருந்து ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த தென்னந்தும்பு, மெத்தை மாதிரி இருந்தது, கோழியளுக்கும் பிடிச்சுது. ஒரு நாள் ஊர்க்கோழிப் பேடு ஒண்டு நொண்டி நொண்டித் திரிஞ்சுது, பிடிச்சுப் பாத்தா நடுவிரலில தும்பு நார் ஒண்டு சுத்தி இறுகி, தோலுக்குள்ள புதைஞ்சு, விரல் கறுத்துப் போச்சு. நெயில் கட்டரால நாரை வெட்டி எடுத்தன், எண்டாலும் அந்த விரல் காஞ்சு விழுந்திட்டுது. சணல் சாக்கை வெட்டி விரிச்சாலும் இதே ஆபத்துத்தான், ஓரத்தில நூல் பிரியும். குஞ்சுகள் திரியிற இடமெண்டால் தும்பும் சாக்கும் வேண்டவே வேண்டாம். தும்புத்தூளைப் பற்றியும் கேப்பியள், அது தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கிற சாமான், பூச்சட்டிக்கு நல்லது, முட்டைப் பெட்டிக்கு இல்லை.

கடைசியில வைக்கலுக்கு வந்தன், எல்லாரும் முதல் சொன்ன அதே வைக்கல்தான். தை மாசிக்க காலபோக நெல் வெட்டி முடிய வயலில காஞ்சு கிடக்கிறதை ஆள் பிடிச்சுக் கட்டிக் கொண்டுவந்தம். நல்ல மஞ்சள், நல்ல வாசம், மொறுமொறுப்பு. கையடக்கமா வெட்டிப் போட்டன், நீட்டு வைக்கலா போட்டாக் கோழி சில நேரம் விழுங்கும், அது இரைப்பையில சுருண்டு அடைச்சா கழுத்தடியில பந்து மாதிரி வீங்கித் தீன் இறங்காது. வைக்கல் ஒண்டோட ஒண்டு கொழுவி நிக்கிறதால குழி செய்தாக் குழி அப்பிடியே நிக்கும், முட்டை அதுக்குள்ள இருக்கும். பேந்து ஏன் இவள் இவ்வளவு எழுதுறாள் எண்டு கேப்பியள். வைக்கல் தண்டு உள்ளுக்கு ஓட்டை, அதுதான் காரணம்.

சோளகம் தொடங்கி வெக்கை கூடின நேரம் கோழியள் பெட்டிக்குள்ள போக மாட்டன் எண்டு அடம் பிடிச்சுதுகள். கிணத்தடியில, விறகுக் குவியலுக்குள்ள, பூவரசுக்குக் கீழ எண்டு கண்ட கண்ட இடத்தில முட்டை. கொண்டை வெளிறிப் போச்சு, முட்டை குறைஞ்சு போச்சு, பூச்சி மருந்து குடுத்தும் வித்தியாசம் இல்லை. ஒருக்கா இரவு கரண்ட் நிண்ட நேரம் டோர்ச்சோட கொட்டிலுக்குப் போய் பெட்டிக்குள்ள கையை வைச்சனான், கை முழுக்க ஊர்ந்துது. டோர்ச்சை அடிச்சுப் பாத்தா கோழி தூங்கிற தடியிலயும் பலகை இடுக்கிலயும் வைக்கல் தண்டு வாயிலயும் ஊசி முனை அளவில சாம்பல் நிறப் பூச்சி, நசிச்சா ரத்தம். இது கோழியில குடியிருக்கிற சாதாரண கோழிப்பேன் இல்லை, பகலில இடுக்குக்குள்ள ஒளிச்சிருந்து இரவில மட்டும் வந்து ரத்தம் குடிக்கிற சிவப்பு மைட். பகலில கோழியைப் பிடிச்சு இறகைப் பிரிச்சுப் பாத்தா ஒண்டும் தெரியாது, அதாலதான் இவ்வளவு நாளும் பிடிபடேல்ல. வெக்கையான இடத்தில ஒரு கிழமை பத்து நாளுக்குள்ள முட்டையில இருந்து பெருத்து அதுவும் முட்டை போடத் தொடங்கிடும், கோழியே இல்லாட்டியும் மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். நான் அண்டு இரவு முழுக்கச் சொறிஞ்சுகொண்டு இருந்தன், தலையைக் கழுவியும் ஊருற மாதிரியே இருந்தது.

பிறகு செய்ததைச் சொல்லுறன், உங்களுக்கு உதவும். பெட்டிக்குள்ள இருந்த வைக்கல் முழுசையும் சாக்கில கட்டிக் கொண்டுபோய் வெளியில எரிச்சது. பெட்டியைக் கழட்டி வெயிலில போட்டு இடுக்குகளுக்குக் கொதிதண்ணி ஊத்தி, காஞ்சாப் பிறகு நீத்துச் சுண்ணாம்பைக் கெட்டியாக் கரைச்சு வெடிப்பு, ஆணித் துளை எல்லாத்துக்கும் தீத்தினது. தூங்கிற தடியையும் மாத்தினது. மண்ணெண்ணை பூசலாம் எண்டு கனபேர் சொல்லுவினம், பூசினா மணம் முழுசாப் போகுமட்டும் கோழியை அடைக்காதேங்கோ, கிட்டக் குப்பி விளக்கும் கொண்டுபோகாதேங்கோ. ஒரு கிழமையால இதே வேலையைத் திருப்பிச் செய்ய வேணும், இதுதான் முக்கியம், முதல் நாள் செத்தது பெருத்ததுகள், முட்டைக்குள்ள இருந்தது பிறகு வெளியில வரும். மருந்து அடிக்கிறதெண்டால் டொக்டரைக் கேட்டு அடியுங்கோ, அடிச்சா எத்தினை நாளுக்கு முட்டை தின்னக்கூடாது எண்டதையும் கேளுங்கோ, கடையில தாறவை அதைச் சொல்லாயினம். இப்ப நான் இரவில ஒரு வெள்ளைத் துணியை தடிக்குக் கீழ விட்டுட்டு விடியப் பாப்பன், புள்ளி புள்ளியா ரத்தக்கறை இருந்தா வேலை தொடங்க வேணும் எண்டு அர்த்தம். வேப்பிலையைக் காயவைச்சுக் கலந்து போடுறனான், மணத்துக்கு நல்லம், அது மட்டும் மைட்டை நிப்பாட்டும் எண்டு நம்பி இருக்காதேங்கோ. சாம்பலும் மணலும் கலந்த குளியல் கிடங்கை பெட்டிக்குத் தூரத்தில வைச்சுவிட்டன். பெட்டிக்குள்ள மணல் போட்டா அதுக்குள்ளயே குளிச்சு எச்சமும் போட்டு வைக்கும், அதையும் பாத்தாச்சு.

இதெல்லாத்தையும் தாங்கினனான், தாங்காதது 2024 மாரி. கார்த்திகைக் கடைசியில பெங்கல் புயலா மாறின அந்தத் தாழமுக்கத்துக்கு யாழ்ப்பாணம் எப்பிடி வெள்ளத்துக்க கிடந்தது எண்டு தெரியும்தானே. என்ர வைக்கல் கட்டுகள் நிலத்தில கிடந்து அடிப்பக்கம் ஊறிப்போச்சு. அடைக்கு ஒரு ஊர்க்கோழி இருந்தது, பொரிக்கிற நேரம். ஒரு இடத்தில வைக்கல் இருக்கு எண்டு கேள்விப்பட்டு வாங்கினன், வழமையா விக்கிற விலையில ரெண்டு மடங்கு. "காஞ்சதுதான், உள்ளுக்கு வைச்சிருந்தது" எண்டு சொல்லித்தான் தந்தவை. கட்டைப் பிரிக்கேக்க நடுவில கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது, புழுதி மணம் அடிச்சுது, மழைக்காலம் அப்பிடித்தான் மணக்கும் எண்டு அவை சொன்னவை. பன்னிரண்டு முட்டையில ஒம்பது பொரிச்சுது. நாலைஞ்சு நாள் நல்லா ஓடித் திரிஞ்சுதுகள், பிறகு ஒவ்வொண்டாக் கழுத்தை நீட்டி வாயை ஆவெண்டு திறந்து திறந்து மூச்சு எடுக்கத் தொடங்கிட்டுதுகள். சத்தம் இல்லை, சளி இல்லை, வாயைத் திறக்கிறது மட்டும்தான். சின்னவள் ஒரு குஞ்சை உள்ளங்கையில வைச்சுக்கொண்டு "அம்மா, இதுக்குத் தண்ணி விடாய்க்குது போல" எண்டு தேக்கரண்டியால தண்ணி பருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கிழமைக்குள்ள ஒண்டும் மிஞ்சேல்ல.

செத்த குஞ்சு ஒண்டைப் பையில சுத்திக்கொண்டு போய் டொக்டரிட்டக் குடுத்தன். வெட்டிப் பாத்தவர், நுரையீரல் முழுக்க தினையரிசி அளவில வெள்ளை மஞ்சள் முடிச்சு. "குஞ்சுகளுக்கு அடியில என்ன போட்டனியள்?" எண்டதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அஸ்பெர்ஜில்லஸ் எண்ட பூஞ்சணம், ஈர வைக்கலில, உமியில, மரத்தூளில வளர்ந்து காய்ஞ்சாப் பிறகு தூளாப் பறக்கும், சின்னக் குஞ்சு அதைச் சுவாசிச்சா நெஞ்சுக்குள்ளயே முளைக்கும், வந்தாப் பிறகு மருந்து குடுத்துப் பிரயோசனம் இல்லை எண்டு சொன்னவர். பொரிச்ச குஞ்சு ஒம்பது எண்டா ஊர்க்கோழி விலைக்கு அது சின்னக் காசு இல்லை, அது போகட்டும், பிள்ளை அழுத அழுகை எனக்கு இப்பவும் கிடக்கு. விக்கிறவை மணத்துக்கு ஒரு கதை சொல்லுவினம். நீங்கள் ஒரு பிடியை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோங்கோ, நல்ல வைக்கல் இனிப்பா மணக்கும், நிலவறை மணம் அடிச்சாலோ தட்டேக்கை சாம்பலாப் பறந்தாலோ சும்மா தந்தாலும் வாங்காதேங்கோ. வெயிலில போட்டு எடுத்தாச் சரிவரும் எண்டு நினைக்கவும் வேண்டாம், காய்ஞ்ச பூஞ்சணம்தான் கூடப் பறக்கும்.

இப்ப நான் செய்யிறது இதுதான். மாசி பங்குனியில வைக்கல் மலிவா, நல்லாக் காய்ஞ்சு கிடக்கிற நேரம் வருசத்துக்குக் காணுமளவு வாங்கிடுவன், பத்துப் பன்னிரண்டு கோழிக்கு அது பெரிய தொகை இல்லை. நிலத்தில வைக்கிறேல்ல, பனங்குத்தி போட்டு அதுக்கு மேல பலகை, தகரத்துக்குக் கீழ, சுவரோட முட்டாமல் காத்துப் போக விட்டு அடுக்கிறது. பொலித்தீனால இறுக்கி மூடினா உள்ளுக்கு வேர்த்துப் பழுதாப் போகும். பெட்டிக்கு அடியில பனையோலைத் தடுக்கு ஒண்டு, அதுக்கு மேல வெட்டின வைக்கல் நாலு அங்குலம். தடுக்கு போட்டதில எனக்கு வேலை பாதியாக் குறைஞ்சுது, துப்பரவு செய்யேக்க ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கினா எல்லாம் ஒண்டா வந்திடும், தடுக்கைத் தட்டி வெயிலில போட்டுத் திருப்பிப் பாவிக்கலாம், உக்கினா எறியலாம், விலையும் பெரிசா இல்லை. கோடையில ரெண்டு கிழமைக்கு ஒருக்கா முழுசா மாத்துவன், மாரியில கிழமைக்கு ஒருக்கா. முட்டை எடுக்கேக்கையே எச்சம் பட்ட பிடியை மட்டும் எடுத்து எறிஞ்சு புதுசு ஒரு பிடி வைச்சிடுவன். சீவல் கிடைச்சா மாரியில வைக்கலுக்குப் பதிலாச் சீவல்தான், அது இவ்வளவு கெதியாப் பூஞ்சணம் பிடிக்காது. சருகு போடுறவையும் இருக்கினம், வாழைச்சருகு, மாவிலைச் சருகு எல்லாம் அவசரத்துக்கு உதவும், ஆனா வளவு கூட்டின குப்பையை அப்பிடியே அள்ளிப் போடாதேங்கோ, வேலியோரம் அலரி நிக்கிற வளவெண்டால் அந்த இலையும் சேந்து வரும், அது நஞ்சு.

நீங்கள் என்னதான் நல்ல சாமான் போட்டாலும் கோழி இரவில பெட்டிக்குள்ள படுத்தா விடிய எல்லாம் எச்சம். கோழி கிடைக்கிறதுக்குள்ள உயரமான இடத்தில போய்த்தான் தூங்கும், அதால தூங்கிற தடி பெட்டியை விட உயரத்தில இருக்க வேணும், பெட்டி செய்தவர் என்ர பெட்டியைத் தடிக்குச் சமனாத் தொங்கவிட்டுத் தந்திருந்தவர், நான் இறக்கிக் கட்டினன். இளங்கோழியள் கேக்காட்டி பின்னேரம் வாசலுக்குப் பலகை வைச்சு மூடிவிட்டு, விடிய வெளிக்க முதல் திறந்து விடுங்கோ, கொஞ்ச நாளில பழகிடும்.

அடை வைக்கிறதுக்கு மட்டும் மாமியின்ர முறைக்குத் திரும்பிட்டன். வாய் அகண்ட பழைய மண்சட்டி, அடியில வெயிலில வறுபட்ட மணல் அரைவாசி, அதுக்கு மேல கசக்கின வைக்கல் கொஞ்சம், நடுவில தாழ்வா. மணல் சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும், கோழி தீன் தின்ன எழும்பிப் போனாலும் முட்டை கெதியா ஆறாது, குழியா இருக்கிறதால முட்டை ஓரத்துக்கு உருண்டு குளிர்ந்து போகவும் வழியில்லை. மாமி ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைப்பா, இடி இடிச்சா முட்டை கூழாப் போகாதாம், நானும் எடுக்கிறேல்ல, இடம் பிடிக்குதே. ஏழாம் நாள் இரவு டோர்ச்சை அடிச்சுப் பாத்து வெறுமையாத் தெரியிறதைக் கழிச்சு விடுவன், இருபத்தோராம் நாள் பொரிக்க முதல் மேல் வைக்கலை ஒருக்கா மாத்துறது. குஞ்சு வந்தாப் பிறகு முதல் ரெண்டு மூண்டு நாளுக்குப் பேப்பர் விரிக்கிறதெண்டால் அதுக்கு மேல துணி ஒண்டு போடுங்கோ, வெறும் பேப்பரில வழுக்கிக் கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சு போகும், உடன கட்டி எடுக்காட்டி அந்தக் கால் பிறகு நேராகாது.

கழிக்கிற வைக்கலை எங்க போடுறது எண்டு கனபேர் கேக்கிறவை. எச்சம் கலந்த வைக்கல் பச்சையா இருக்கேக்க சரியான காரம், மிளகாய்க் கண்டுக்கோ கத்தரிக்கோ உடன போட்டா வேர் எரிஞ்சு கண்டு படுத்திடும். கிடங்கு வெட்டி இலைகுழையோட சேத்து மூண்டு நாலு மாசம் உக்க விட்டுத்தான் போடுறனான், வாழைக்கு எண்டா கொஞ்சம் தள்ளி வட்டமா வெட்டிப் புதைக்கலாம். பூஞ்சணம் பிடிச்ச வைக்கலைக் கிளறேக்க மூக்கையும் வாயையும் நனைச்ச துணியால கட்டிக்கொண்டு காத்து வாற பக்கம் நிண்டு கிளறுங்கோ, இழுப்பு வருத்தம் இருக்கிற ஆக்களை அந்தப் பக்கம் விடாதேங்கோ, மாமிக்கு அந்த மாரியில ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில ஆவி பிடிக்க வேண்டி வந்தது.